வெயில் தாங்கும் பச்சை

அம்பிகை வெயிலில் நிற்கக் கூடாது. அவள் தாய் புஷ்பராணியின் வீட்டில் அந்த வருஷம் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

கோலா கங்சாரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை ஸ்கந்தராஜா, நில அளவை இலாகாவில் உத்தியோகம். குடும்பமும் நல்ல குடும்பம்; யாழ்ப்பாணத்தில் புஷ்பராணியின் தகப்பனாருடைய ஊருக்கு அடுத்த ஊர். ஒரே ஒரு விஷயத்தைத் தரகர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பெடியன் கொஞ்சம் கறுப்பு. வெளிவேலை, நாள் முழுக்க வெய்யில்ல நிக்கிறவர். அதால தாய்க்கு நல்ல நிறமான பொம்பிளைதான் வேணுமாம்."

அன்று முதல் அம்பிகையின் முகத்தில் பாலாடையும் கடலைமாவும் ஏறின. வாசலில் துணி காயப்போடுவதற்குக்கூட அவளை விடவில்லை. சிக்கல் என்னவென்றால், அவளுடைய படிப்பே வெயிலைப் பற்றியது.

அது 1986. ஈயத்தின் விலை விழுந்து, ஈப்போவைச் சுற்றி ஈயம் தோண்டிய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. தோண்டிய இடமெல்லாம் வெள்ளை மணலும் தேங்கிய தண்ணீருமாகக் கிடந்தது. பினாங்கில் விலங்கியல் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்த அம்பிகை, இந்தக் குட்டைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்ப்பதற்காக ஈப்போவில் வீட்டோடு வந்து தங்கியிருந்தாள். பக்கத்து லகாட்டில் அவளுக்கு ஒரு குட்டை பிடித்துப்போனது. முழங்காலளவு தண்ணீர். அடியில் பளீரென்று மணல். சுற்றிலும் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நடுப்பகலில் அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே கண் கூசும்.

வெயில் ஏறியதும் அதிலிருந்த சின்ன உயிர்களில் பெரும்பாலானவை அடியில் போய் ஒதுங்கிக்கொண்டன. ஒன்று மட்டும் மேல்தண்ணீரிலேயே சாவகாசமாக உலாவியது. ஒரே செல்லாலான உயிர். செருப்பின் அடிப்பாகம் மாதிரி வடிவம், உடம்பைச் சுற்றி மெல்லிய மயிர்த் துடுப்புகள், உள்ளே முழுவதும் பச்சைப் பச்சையாய்ப் புள்ளிகள். பரமீசியத்தில் ஒரு வகை. அந்தப் பச்சை அதனுடைய சொந்த நிறமல்ல. அதற்குள் குடியிருக்கும் பாசியின் நிறம். பாசி வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கும் ஒரு பங்கு கொடுக்கும். வீட்டுக்காரன் பாசியைச் சுமந்துகொண்டு வெளிச்சமான இடமாகப் பார்த்துப் போவான்.

இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது. அம்பிகைக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. கண்ணாடி மாதிரி மெல்லிய உடம்பை வைத்துக்கொண்டு இது எப்படிக் கருகாமல் இருக்கிறது? கடலில், பவளங்களுக்குள் வாழும் பாசியில், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு பொருள் இருப்பதாக அவளுடைய பேராசிரியர் படிக்கக் கொடுத்திருந்தார். அதைப் போல ஏதாவது இந்த நன்னீர்ப் பாசியும் செய்கிறதா?

குட்டையின் கரையில் ஒரே ஒரு பலகை வீடு. நவமணியும் அவள் புருஷன் பத்துமலையும் அதில் குடியிருந்தார்கள். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டதும் இங்கே வந்துவிட்டார்கள். நவமணிக்கு ஈப்போவில் துணி ஃபேக்டரியில் வேலை, பத்துமலைக்கு வாத்துகள். வாத்துகள் யாருக்கும் பயப்படாதவை.

முதல் நாள் அம்பிகை போத்தலில் தண்ணீர் மொண்டதைப் பார்த்து நவமணி ஓடி வந்தாள்.

"ஐயோ மிஸ், அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க லா! வீட்டுல நல்ல தண்ணி இருக்கு."

குடிக்க இல்லை, பார்க்க என்று சொல்லி, அம்பிகை நுண்பெருக்கியை வீட்டுத் திண்டில் வைத்துக் காட்டினாள். நவமணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவள், வெகுநேரம் நிமிரவில்லை.

"இத்தனை பேரு நம்ம குட்டையிலயா இருக்காங்க?" என்றாள். "நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டுந்தான்னு நினைச்சேன்."

அன்றிலிருந்து மிஸ் தங்கச்சியானாள்.

சோதனைக்கு இரண்டு வகை உயிர் வேண்டும்: பாசியோடு இருப்பது, பாசி இல்லாதது. பாசி இல்லாததைக் குட்டையில் பிடிக்க முடியாது, உண்டாக்க வேண்டும். வாரக்கணக்கில் இருட்டில் வைத்துத் தீனி போட்டு வளர்த்தால், உயிர் பெருகப் பெருக உள்ளே பாசி குறைந்து, கடைசியில் வெறும் கண்ணாடி உடம்பு மிஞ்சும். தீனி என்பது சலாட் இலையைக் கொதிக்க வைத்துப் புளிக்கவிட்ட தண்ணீர். அம்பிகை அந்தக் குடுவைகளைப் பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கித் தன் அலமாரியில், சேலைகளுக்குப் பின்னால் வைத்தாள். வீட்டில் ஒரு வாடை சுற்றி வந்தது. புஷ்பராணி சமையலறை முழுவதும் கழுவிப் பார்த்தாள். போகவில்லை.

இரண்டு வகையும் தயாரானதும் நான்கு வெள்ளை மங்குத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். பச்சைக்கு இரண்டு, வெறும் உடம்புக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு திறந்த வெயிலில், ஒரு தட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடியில். கண்ணாடி வெளிச்சத்தை விடும், புற ஊதாக் கதிரில் சுடுகிற பங்கைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். சூடு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பத்துமலை மூங்கிலில் ஒரு சட்டம் கட்டிக் கொடுத்தார். தட்டுகள் அதில் உட்கார்ந்து தண்ணீரிலேயே மிதக்கும்.

இனி வேண்டியது மேகமில்லாத ஒரு நடுப்பகல். ஈப்போ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. பதினொரு மணிக்கு மூட்டம், மூன்று மணிக்கு மழை.

கடைசியில், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வானம் கழுவித் துடைத்த மாதிரி விடிந்தது. அன்றுதான் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நான்கு மணிக்கு.

அம்பிகை தகப்பனிடம் போய் நின்றாள். துரைசிங்கம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்தோடு வருகிற எதையும் அவருக்குப் பிடிக்கும்.

"மூண்டு மணிக்கு வந்திடுவன் அப்பா."

"மூண்டெண்டால் மூண்டு. அம்மா சந்தையால வாறதுக்குள்ள போ."

போய்விட்டாள். கோலா கங்சார்க்காரர்கள் ஒரு மணிக்கே வந்து இறங்கினார்கள். இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்று தாயாருக்கு எண்ணம். புஷ்பராணி வாசலில் சிரித்த முகமாக நின்று, "பிள்ளை கோயிலுக்குப் போனவ," என்றாள். அதே நேரத்தில் துரைசிங்கம், "லகாட்டுக்குப் போனவ," என்றார்.

ஸ்கந்தராஜாவின் தாயார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கிள், நான் கார்ல போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்றான் ஸ்கந்தராஜா. அந்த வரவேற்பறையில் இருப்பதைவிட வேறு எங்கே போவதும் அவனுக்கு நல்லதாகத்தான் பட்டது. வழிகாட்ட துரைசிங்கம் கூடப் போனார். இரண்டு தாய்மாரும் கேக்கை நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

குட்டைக்கு வந்ததும் துரைசிங்கத்தைப் பத்துமலை கோப்பிக்கு இழுத்துக்கொண்டார். ஸ்கந்தராஜா தனியாகக் கரைக்கு நடந்தான்.

அம்பிகை விடியுமுன் எழுந்து உயிர்களை உறிஞ்சியெடுத்துப் பிரித்தவள். தலையில் ஒரு துண்டைக் கட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சேற்றோரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். முகம் சிவந்து, மூக்கின் நுனியில் தோல் உரிந்திருந்தது. எதிரே தண்ணீரில் நான்கு தட்டுகள்.

ஸ்கந்தராஜாவுக்கு அவளை எழுப்ப மனம் வரவில்லை. இந்த வெயிலை அவனுக்குத் தெரியும். காருக்குத் திரும்பிப்போய், அளவைக் கருவிக்கு நிழலாகப் பிடிக்கும் பெரிய குடையை எடுத்து வந்து, சத்தமில்லாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். கை மாற்றி மாற்றி, அரை மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பான். தாராளமான குடை. நிழல் அவளைத் தாண்டித் தட்டுகள் வரைக்கும் போனது.

அம்பிகைக்குக் குளிர்ந்தது. கண்ணைத் திறப்பதற்கு முன்பே வாய் கத்திவிட்டது.

"மேகம்! மேகம் வந்திட்டுது!"

துள்ளி எழுந்து வானத்தைப் பார்த்தாள். அங்கே கறுப்புத் துணியும் கம்பிகளும் தெரிந்தன. கீழே ஒரு கறுத்த மனிதன், வெள்ளைச் சட்டையில், வியர்த்து வடிய நின்றான்.

"நான் ஸ்கந்தராஜா," என்றான். "மன்னிக்க வேணும், வெய்யிலா இருந்தது..."

"வெய்யிலாத்தான் இருக்க வேணும்! மூண்டு கிழமையா இந்த வெய்யிலுக்குத்தான் காத்துக்கொண்டு இருந்தனான்!"

அவன் குடையைப் பார்த்தான், தட்டுகளைப் பார்த்தான். முகம் மாறியது.

"அளவு கெட்டுப்போச்சோ?"

அந்தக் கேள்வியில் அம்பிகையின் கோபம் கொஞ்சம் தடுமாறியது. 'இதென்ன தட்டு' என்று கேட்காமல் 'அளவு கெட்டதா' என்று கேட்ட முதல் ஆள் அவன்.

"முழுக்க," என்றாள்.

"எனக்கும் ஒருக்கா நடந்தது. மூண்டு நாள் அளந்த பிறகு ஒரு மாடு கருவியில முட்டினது. எல்லாம் திரும்ப முதல்ல இருந்து." அவன் குடையை மடக்கினான். "என்னத்தை அளக்கிறீங்கள் எண்டு கேக்கலாமோ?"

சொன்னாள். பச்சை உயிர், உள்ளே பாசி, புற ஊதாக் கதிர், கண்ணாடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் குந்தியிருந்து தட்டுக்குள் உற்றுப் பார்த்தான். பச்சை மூட்டம் போல ஏதோ அசைந்தது.

"அப்ப அதுக்குள்ளயே ஒரு குடை இருக்கலாம் எண்டு சொல்லுறீங்கள்."

"அது இருக்கோ எண்டுதான் பார்க்க வெளிக்கிட்டன். நீங்கள் வெளியால ஒண்டைப் பிடிச்சிட்டியள்."

அவன் சிரித்தான். சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த அம்பிகைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து வாத்துகள் வந்து ஒரு தட்டைக் கவிழ்த்தன.

வீட்டில் நடந்தது சீக்கிரமே முடிந்துவிட்டது. சேறு காயாத பாவாடையோடு உள்ளே வந்த பெண்ணை ஸ்கந்தராஜாவின் தாயார் தலை முதல் கால் வரை பார்த்தார். தேத்தண்ணி குடித்தார். எழுந்தார். மறுநாள் தரகர் வந்து, பிள்ளை வெயிலில் நின்று கறுத்துப்போயிருப்பதாகவும், அவர்கள் வேறு இடம் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

புஷ்பராணி அழவில்லை. வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். அது அழுவதைவிட மோசம். மாலையில் அம்பிகை குளித்துவிட்டு வந்தபோது, பிஸ்கட் டின் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க அம்மா?"

"நாத்தத் தண்ணிதானே? கானுக்குள்ள ஊத்திட்டன். அந்த வாடைதான் வீட்டுக்கு வந்த சம்பந்தத்தையும் குழப்பினது."

அம்பிகை டின்னைத் திருப்பி உள்ளே பார்த்தாள். கட்டிலில் போய் உட்கார்ந்தாள். வாரக்கணக்கில் இருட்டில் வளர்த்தது, ஒரு நொடியில் சாக்கடைக் கானில் போய்விட்டது. புஷ்பராணி கதவடியில் நின்று பார்த்தாள். மகள் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முக்கியமானதோ?" என்றாள் புஷ்பராணி.

"அது இல்லாட்டி ஒண்டும் இல்லை அம்மா."

இரவுச் சாப்பாட்டுக்கு அம்பிகை வரவில்லை. காலையில் எழுந்தபோது மேசையில் இரண்டு கட்டுச் சலாட் இலை இருந்தது. தாய் சந்தைக்குப் போய் வந்திருக்கிறாள். "எவ்வளவு நேரம் அவிக்க வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அந்த டின் அலமாரிக்குத் திரும்பியது. துரைசிங்கம் வேட்டி தேடி அதன் கதவைத் தொட்டால்கூடப் புஷ்பராணி அடுப்படியிலிருந்து கத்துவாள்: "திறக்காதேங்கோ! அதுகளுக்கு வெளிச்சம் ஆகாது!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பிகை புதிதாகத் தண்ணீர் எடுக்கக் குட்டைக்குப் போனபோது, ஸ்கந்தராஜா கரையில் நின்று பத்துமலையோடு பேசிக்கொண்டிருந்தான். கையில் குடை இல்லை.

"உங்கட அம்மா வேண்டாம் எண்டிட்டா," என்றாள் அம்பிகை.

"பொம்பிளை வேண்டாம் எண்டுதான் சொன்னவ. குட்டை வேண்டாம் எண்டு சொல்லேல்லை." பிறகு குரல் தாழ்ந்தது. "நான் கெடுத்த அளவு. திருப்பி எடுக்கிற வரைக்கும் ஒரு கை கூட இருந்தால் உதவிதானே?"

நவமணி வாசலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும் லா தங்கச்சி," என்றாள். "வாத்து விரட்ட ஆள் வேணும்ல?"

இப்படியாக அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினான். வாத்துகளை விரட்டுவதில் அவன் சுத்தமாகத் தேறவில்லை. ஆனால் மூங்கில் சட்டத்தை நாலு மூலையும் மட்டமாக இருக்கும்படி திருத்தினான், போத்தல் தூக்கினான், நுண்பெருக்கியில் எண்ணுகிறபோது குறுக்கே பேசாமல் இருந்தான். பேசுகிற நேரத்தில் நன்றாகப் பேசினான். காட்டில் எல்லைக்கல் தேடி அட்டைக்கடி பட்ட கதைகளைச் சொன்னான். அம்பிகைக்கு ஞாயிற்றுக்கிழமை மெதுவாக வருகிற மாதிரி இருந்தது.

நவம்பர் வந்தது. வெறும் உடம்பு உயிர்கள் மறுபடி பெருகியிருந்தன. மழையும்தான். ஒவ்வொரு வாரமும் தட்டுகளை இறக்குவார்கள், மேகம் வரும், எடுப்பார்கள். டிசம்பரில் அவள் பினாங்குக்குத் திரும்பியாக வேண்டும்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. காலையில் அடித்த மழை பத்து மணிக்கு நின்று, காற்று மேகத்தை எல்லாம் ஒதுக்கிக்கொண்டு போனது. சூரியன் உச்சிக்கு வந்தபோது நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்பிகை தட்டுகளை இறக்கினாள். ஸ்கந்தராஜா நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

பாதி நேரம் நல்லபடியாகத்தான் போனது. அப்புறம் கூண்டுக் கதவை எப்படித் திறந்தனவோ, வாத்துகள் வரிசையாகக் குட்டைக்குள் இறங்கி நேராகத் தட்டுகளை நோக்கி வந்தன. பத்துமலை கத்தினார். நவமணி விளக்குமாற்றோடு ஓடினாள். ஸ்கந்தராஜா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் பாய்ந்தான்.

"நிழல்!" என்று அலறினாள் அம்பிகை. "நிழல் விழும்!"

"வடக்குப் பக்கம் நிக்கிறன்!" என்று திருப்பிக் கத்தினான். "இந்த மாசம் சூரியன் தெற்கால! நிழல் எனக்குப் பின்னாலதான் விழும்!"

அப்படியே நின்றான். முழங்கால் வரை தண்ணீர், இரண்டு கையையும் விரித்தபடி. வாத்துகள் அவன் கால்சட்டையைக் கொத்தின. ஒன்று முழங்காலைக் கொத்தியது. அவன் அசையவில்லை. தட்டுகளின் மேல் வெயில் மட்டுமே விழுந்துகொண்டிருந்தது. அம்பிகைக்குத் தட்டுகளைப் பார்ப்பதா, அவனைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் பார்த்தாள்.

நேரம் முடிந்ததும் அம்பிகை, நவமணியின் வீட்டு மேசையில் வைத்து எண்ணத் தொடங்கினாள். கண்ணாடிக்கு அடியில் இருந்த வெறும் உடம்புகள் சுகமாக நீந்தின. திறந்த வெயிலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அசைவில்லாமல் கிடந்தன. சில உடைந்து கரைந்திருந்தன. அம்பிகை மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்த வெயிலின் பச்சைத் தட்டிலிருந்து ஒரு துளி எடுத்து வைத்தாள். குனிந்தாள்.

அவை உருண்டு உருண்டு போய்க்கொண்டிருந்தன.

"என்ன தங்கச்சி? இருக்கா, போச்சா?" என்றாள் நவமணி.

"இருக்கு அக்கா," என்றாள் அம்பிகை. "எல்லாம் இருக்கு." கண்ணைத் துடைத்தபோது நுண்பெருக்கிக் கண்ணாடியும் ஈரமாகியிருந்தது. நவமணி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். துளி சிந்திவிட்டது. பரவாயில்லை, தட்டில் இன்னும் நிறைய இருந்தது.

பச்சை உயிர்களையும் வெறும் உடம்புகளையும் நிறையச் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பினாங்குக்குக் கொண்டுபோனாள். பச்சையை நசுக்கிச் சாற்றை எடுத்து, ஒளியை அளக்கும் கருவியில் வைத்தபோது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதியில் கோடு ஒரு மேடு கட்டி இறங்கியது. வெறும் உடம்புகளின் சாற்றில் அந்த மேடு இல்லை என்றே சொல்லலாம். பேராசிரியர் கோட்டை நெடுநேரம் பார்த்தார். "இதைப் பாசி தருகிறதா, தின்ற தீனியிலிருந்து வருகிறதா?" என்று கேட்டார். பாராட்டாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஒரு வருஷம் அந்தக் கருவியைப் பாவிக்க அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

சாமான்களை ஏற்றுவதற்காக அவள் பினாங்கிலிருந்து லகாட் வந்த ஞாயிறு, ஸ்கந்தராஜா மூங்கில் சட்டத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கிரிக் பக்கம் வேலை மாத்தம்," என்றான். "நீங்கள் பினாங்கு."

"ஒரு வருஷம்."

"அங்க ஏதும் குட்டை கண்டால் சொல்லட்டோ?"

அம்பிகை கயிற்றுச் சுருளை அவன் கையில் வைத்தாள். "நீங்கள் கேக்க வந்ததைக் கேளுங்கோ. பஸ் வரப்போகுது."

அவன் கேட்டான். முழு வாக்கியமாக வரவில்லை, ஆனால் விளங்கியது. அவள் சரி என்றாள். பிறகு, "உங்கட அம்மா?" என்றாள்.

"கூட்டிக்கொண்டு வாறன்."

"எங்கட வீட்டுக்கோ?"

"இல்லை. இங்க. நீங்கள் பொங்கலுக்கு வீட்டை வருவீங்கள்தானே? அப்ப."

பொங்கல் கழிந்த வாரம் அந்த அம்மாள் வந்தார். பட்டுச்சேலை, கையில் கைப்பை, முகத்தில் ஒரு தீர்மானம். மகன் மாதக்கணக்கில் ஞாயிறு தோறும் எங்கே போய்ச் சேறாகி வருகிறான் என்று பார்த்துவிடுவது. புஷ்பராணியும் துரைசிங்கமும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். நவமணி வாத்துக்கறி சமைத்து, எல்லாருக்கும் பெஞ்சு போட்டிருந்தாள். இரண்டு தாய்மாரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அம்பிகை நுண்பெருக்கியைச் சரிசெய்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோ, மாமி."

அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு சட்டென்று கண்ணை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"இதென்ன, பச்சைப் பச்சையா? ஓடுது! அங்க பார், ஒண்டு மற்றதை இடிச்சுப்போட்டுப் போகுது!"

"உள்ளுக்கு இருக்கிறது பாசி, மாமி. ரெண்டும் ஒண்டா இருக்குதுகள்."

"ஆர் ஆருக்குச் சாப்பாடு குடுக்கிறது?"

"பாசிதான் குடுக்கிறது. மற்றது தூக்கிக்கொண்டு திரியும்."

"சண்டை பிடிக்காதுகளோ?"

"இதுவரைக்கும் நான் காணேல்லை."

புஷ்பராணிக்கு அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, அவற்றுக்குச் சலாட் இலையை எந்தப் பதத்தில் அவிக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினாள். கறி ஆறிக்கொண்டிருந்தது. நவமணி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். ஸ்கந்தராஜாவின் தாயார் கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அம்பிகையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றார். "இந்தப் பெரிசு எங்க போகுது எண்டு பார்த்திட்டு வாறன்."